குச்சுக்குள் கேட்ட காற்று

மயிலாப்பூரில் கல்யாணப் பந்தலுக்குப் பச்சைத் தென்னோலை முடைந்துகொண்டிருந்தார்கள். அந்த மணம், நொச்சிக்குப்பத்தில் இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்துக்கு என்னைக் கொண்டுபோனது. நான் குச்சுக்குள் இருந்தது எந்த ஆண்டு என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்; மோட்டார் படகுகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. நான் வயதுக்கு வந்ததும் மாமா கட்டிய ஓலைக் குச்சுக்குள் என்னை உட்காரவைத்தார்கள். ஆண்கள் கண்ணில் படக்கூடாது. வெளியே வலை பின்னுகிறவர்களின் பேச்சு மட்டும் ஓலை வழியே நாளெல்லாம் வந்துகொண்டிருந்தது. கரைக்குத் தள்ளும் காற்று கொண்டல், கடலுக்குள் தள்ளுவது கச்சான் என்று பார்க்காமலேயே கற்றுக்கொண்டேன்.

ஒரு மாலை, "கச்சான் பிச்சிக்கினு அடிக்குது, அவ நைனா கட்டுமரம் இன்னும் வரல" என்றார் ஒருவர்.

"பொண்ணு காதுல வுழப்போவுது, மெதுவா பேசு மச்சி."

கச்சான் என்ற சொல் தெரியாமலிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஓலையை விரலால் விலக்கினேன். துணைக்கு உள்ளே இருந்த அத்தை கையைத் தட்டிவிட்டாள்.

இருட்டியபின் ஓலைக்கு அப்பால் ஈரத்துணி சொட்டும் சத்தம் கேட்டது.

"நைனா, கச்சானா?"

"ஆமா. உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? உள்ள போ."

நான் உள்ளேதான் இருந்தேன்.