படத்தில் வைத்த ஹெல்மெட்

நான் பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல் தசரதனிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். பெயர் ஹேமாவதி. பத்தொன்பது வருஷமாக விபத்து வழக்குகளுக்கு மனு எழுதுகிறேன். அடுத்தவர் வீட்டுச் சாவைப் பத்தி பத்தியாகப் பிரித்து, எண் போட்டு, கீழே கையெழுத்து வாங்குவதுதான் என் பிழைப்பு. அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது ஒன்றும் ஆவதில்லை. அழாதவர்கள் வந்து உட்கார்ந்தால்தான் டைப்பில் தப்பு விழும்.

நாகவல்லி அழவில்லை. புருஷன் துலுக்கானம் செத்து இருபத்தோராவது நாள் வந்தாள். சென்னீர்குப்பத்தில் வீடு, வேலப்பன்சாவடியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எதைக் கேட்டாலும் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் பதில் சொன்னாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டாள். படித்துக் காட்டட்டுமா என்றேன். “நீங்க எழுதினா சரியாதான் கீதும் மேடம்” என்றாள். அந்த மனுவில் துலுக்கானத்தின் வயதை நான் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி அடித்திருந்தேன்.

துலுக்கானத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் மிஷின் ஓட்டினான். தகப்பனார் கூலிக்கு நாற்று நட்டவர். இவன் பதினெட்டு வயதில் எஸ்டேட்டுக்குப் போனவன், கடைசிவரை சைக்கிளில்தான் போனான். வேலப்பன்சாவடி, அயனம்பாக்கம் வழியாகப் போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். பைக் வாங்கச் சொன்னால், “எனுக்கு இன்னாத்துக்கு அது, ஒரு எடத்துல நிக்காது” என்பானாம். பயந்த சுபாவம். லாரி ஹாரன் கேட்டால் இறங்கி ஓரமாக நின்று, அது போன பிறகு ஏறுவான். கூட வேலை பார்க்கிறவர்கள் இதற்காகவே அவனைக் கிண்டல் செய்வார்கள்.

இந்த மனிதனைத்தான் ஒரு சமையல் எண்ணெய் கம்பெனி விளம்பரத்துக்குப் பிடித்தது. கம்பெனி பெயர் வேண்டாம். இதயத்துக்கு நல்ல எண்ணெய் என்று விற்கிறவர்கள். முப்பத்தைந்து வருஷமாக சைக்கிளில் வேலைக்குப் போகிற நிஜமான தொழிலாளி வேண்டும் என்று எஸ்டேட்டில் விசாரித்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைவேயில் வைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து விரித்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில் சிரித்தபடி வரவேண்டும். துலுக்கானம் வாழ்நாளில் ஒரு கையைக்கூட விட்டு ஓட்டியவன் இல்லை. பதினான்கு முறை ஓட்ட வைத்தார்கள், இரண்டு முறை விழுந்தான். பக்கத்தில் தெரிந்த லாரிகளைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்களாம். கீழே பெரிய எழுத்தில், ‘இந்த இதயத்துக்கு பிரேக் கிடையாது!’

விளம்பரம் வந்த வாரமே வம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் விலை கூடின சைக்கிள்களில் ஸ்ரீபெரும்புதூர் வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிற குழு ஒன்று உண்டு. அதில் சௌம்யா என்ற பெண் போனில் எழுதினாள். தலையில் ஹெல்மெட் இல்லை, இரண்டு கையும் அந்தரத்தில், கனரக வண்டிகளுக்கு நடுவில் ஒரு ஆள், இதைப் பார்க்கிற பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்று கேட்டாள். ஆயிரக்கணக்கானவர்கள் ஆமாம் போட்டார்கள். இன்னொரு கூட்டம், ஏழை சைக்கிள் ஓட்டினால்கூடப் பணக்காரர்களுக்குப் பொறுக்காதா என்று சண்டைக்கு வந்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கிற இடத்துக்குப் புகாரும் போனது. சௌம்யா எழுதியதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். பார்க்கிறவர்கள் கெட்டுப்போவார்கள் என்று அத்தனை பேருக்கும் கவலை இருந்தது. படத்தில் இருக்கிறவன் மறுநாள் காலை அதே ரோட்டில் அதே தலையோடு போவான் என்பது இரண்டு கூட்டத்திலும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கம்பெனி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படத்தை மாற்றியது. மறுபடி எடுக்கச் சோம்பல். கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருந்த வேறொரு படம் அவர்களிடம் இருந்தது. ஹெல்மெட்தான் இல்லை. விளம்பரக்காரர்களிடமிருந்து நிர்மல் என்று ஒருவர் துலுக்கானத்தின் நம்பருக்குப் போன் செய்தார். அன்றைக்கு அவன் போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். நாகவல்லி எடுத்தாள்.

“மேடம், சார் போட்டோல ஒரு ஹெல்மெட் சேர்த்துக்கலாமா? கம்ப்யூட்டர்லயே பண்ணிடுவோம்.”

“சேத்துக்கோங்க சார். நல்லாதான் இருக்கும்.”

பேச்சு ஒரு நிமிஷம்கூட இல்லை என்றாள் என்னிடம். சோறு வடித்துக்கொண்டிருந்தாளாம்.

புதுப் படத்தில் துலுக்கானம் சிவப்பு ஹெல்மெட்டோடு வந்தான். தாடைக்குக் கீழே பட்டைகூட வரைந்திருந்தார்கள். ‘பாதுகாப்பே ஆரோக்கியம்’ என்று வாசகமும் மாறிவிட்டது. திட்டின அதே ஆட்கள் கைதட்டினார்கள். வேலப்பன்சாவடி பக்கத்தில் பெரிய பேனர் ஏறியது.

மகள் சுவேதா வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். போனில் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். “நெஜமாவே குடுத்தாங்களாப்பா?” என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு, “ஆமா கண்ணு, குட்தாங்க. நல்லா கெட்டியா கீது” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் கேட்பாள், “போட்டியாப்பா?” இவன் சொல்வான், “போட்டேன்மா.” நாகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

“இன்னாத்துக்குய்யா கொயந்தகிட்ட பொய் சொல்ற?” என்று ஒரு தடவை கேட்டாளாம்.

“அது பயப்படுது. போட்டேன்னா நிம்மதியா பட்ச்சிகினு கீதும். லீவுக்கு வந்தா சொல்லிக்கலாம்.”

லீவுக்கு முன்னால், அயனம்பாக்கத்துக்குத் திரும்புகிற இடத்தில், காலை ஏழேகாலுக்கு ஒரு கான்கிரீட் கலவை லாரி இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கம் திரும்பியது. துலுக்கானம் அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் இருந்தான். பின்சக்கரம் இடுப்பில் ஏறியது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை நான்தான் படித்தேன். தலையில் காயம் எதுவும் இல்லை என்று தனியாக ஒரு வரி இருந்தது.

அந்த வரி கோர்ட் ஃபைலில் இருந்தது. ஊர் வாயில் வேறு வரி. சாயங்காலம் வேலூரிலிருந்து வந்து இறங்கிய சுவேதா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தலையைச் சுற்றிக் கட்டியிருந்தது. போஸ்ட்மார்ட்டம் செய்தவர்களுக்கு எல்லாம் அப்படித்தான் கட்டி அனுப்புவார்கள். படிப்பில் முதல் வருஷப் பெண்ணுக்கு அது தெரியவில்லை.

“ஹெல்மெட் எங்கம்மா?” என்றாள்.

நாகவல்லி, “தெரியலமா” என்றாள். பக்கத்தில் நின்ற துலுக்கானத்தின் அண்ணன் தேவராஜ், “ஊட்லயே வச்சிட்டு பூட்டான் போல கீது. பேனர்ல பாத்தோமே, சோக்கா இருந்துச்சி. போட்டுகினு போயிருந்தா பொயச்சிருப்பான்” என்றார். வந்தவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இருந்தும் போடாமல் போனவன் என்று துலுக்கானத்தின் சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் ஜனங்களுக்குச் சாப்பாடு இறங்கும்.

காரியம் முடிந்ததும் சுவேதா பரண், கட்டிலடி, பீரோ மேல் எல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை. யாருக்கோ தூக்கிக் கொடுத்திருப்பார் என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்கு அப்பா மீது ஒரே கோபம். தினமும் கேட்டேனே, போட்டேன் போட்டேன் என்று ஏமாற்றினாரே, தன் உயிர்மேல் அக்கறை இல்லாதவருக்கு என்மேல் மட்டும் எங்கிருந்து அக்கறை வரும் என்றாள். மாலை போட்ட படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். வருஷ திதிக்கு வரவில்லை, பரீட்சை என்றாள்.

நாகவல்லி இதை எல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. வாய்தாவுக்கு வாய்தா, கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பேனர் அவன் செத்த பிறகும் இரண்டு மாதம் அங்கேயே இருந்தது. வாடகைக் கெடு முடியவில்லையாம். தினமும் அதற்கு அடியில்தான் பஸ்ஸில் போவாள். பார்ப்பாயா என்று கேட்டேன். “பாப்பேன். மேல கீறாரு, பாக்காம எப்டி?” என்றாள்.

“பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?” எனக்குக் கொஞ்சம் கோபமாகவே வந்தது.

“தலையில அடி இல்லன்னு ஆரம்பிச்சாலே ஹெல்மெட் எங்கன்னுதான் கேக்கும். சொன்னா, படத்துல வையுங்கோன்னு சொன்னது நானுன்னும் தெரிஞ்சிடும் மேடம். பொய் சொல்லும்போது நானும் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன்னு தெரிஞ்சிடும். அப்பனும் போயி நானும் ஆகாதவளா பூட்டா, அதுக்கு யாரு கீறா?”

சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். குரல் கொஞ்சமும் அசையவில்லை.

குறுக்கு விசாரணைக்கு நாள் வந்தது. இன்சூரன்ஸ் தரப்பில் ஸ்ரீகாந்த் என்ற வக்கீல். கொடுத்த ஹெல்மெட்டைப் போடாமல் போனது இறந்தவரின் கவனக்குறைவு என்று ஏற்கனவே பதில் மனுவில் எழுதியிருந்தார், விளம்பரத்தின் பிரிண்டையும் சேர்த்திருந்தார். தசரதன் சார் சிரித்தார். “தலையில அடியே இல்ல, ரிப்போர்ட் கையில இருக்கு. சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம்னு சட்டமும் கிடையாது. ஹெல்மெட்டப் பத்திக் கேட்டா தெரியாதுன்னு சொல்லிட்டு இறங்கி வாம்மா, மீதியை நான் பாத்துக்கறேன்” என்றார். நாகவல்லி தலையாட்டினாள்.

சுவேதாவும் ஒரு மனுதாரர் என்பதால் அன்றைக்கு வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகவல்லி கூண்டில் ஏறியதும் முதலில் அந்தப் பெஞ்சைத்தான் பார்த்தாள்.

ஸ்ரீகாந்த் பிரிண்டைக் காட்டினார். “இது உங்க கணவர்தானே?”

“அவருதான்.”

“தலையில இருக்கிறது ஹெல்மெட்தானே?”

“ஆமா சார்.”

“கம்பெனி கொடுத்த இந்த ஹெல்மெட்டை சம்பவத்தன்னைக்கு உங்க கணவர் போடாம, அலட்சியமா போனதாலதான் இறந்தார்னு சொன்னா சரிதானா?”

இதற்கு எல்லாச் சாட்சியும் ‘சரியல்ல’ என்று சொல்வதாக எழுதிக்கொள்வார்கள். டைப் அடிக்கிறவர் கையை வைத்துத் தயாராகவே இருந்தார். நாகவல்லி சரியல்ல என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

“அவருகிட்ட ஹெல்மெட்டே கெடையாது சார். அது கம்ப்யூட்டர்ல வச்சது. போன் பண்ணி கேட்டாங்க, நான்தான் வச்சிக்கோங்கன்னு சொன்னேன். பொண்ணு கேட்டப்போ போட்டேன்னு அவரு பொய் சொன்னாரு. அது பயப்படக் கூடாதுன்னு சொன்னாரு. எனுக்கும் தெரியும்.”

“மெதுவா சொல்லும்மா, டைப் அடிக்கணும்” என்றார் நீதிபதி. இவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பாதியில் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்து வந்ததால் மூன்றாம் முறையும் சொன்னாள். மூன்று முறையும் ஒரே வார்த்தைகள். ‘படத்தில் உள்ள தலைக்கவசம் என் சம்மதத்தின் பேரில் சேர்க்கப்பட்டது’ என்று பதிவானது. ஸ்ரீகாந்த் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். தசரதன் சார் எழுந்து, தலையில் காயம் எதுவும் இல்லை என்கிற ரிப்போர்ட் வரியைப் படித்துக் காட்டினார்.

வெளியே வந்தபோது சுவேதா வராந்தாத் தூணோரம் நின்றிருந்தாள். போன் கையில் இல்லை. நாகவல்லி போய் எதிரில் நின்றாள். நான் ஃபைலைக் கட்டுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். என் புத்தி அப்படி.

“படத்துல வைக்கணும்னு கேட்டாங்கல்ல” என்றாள் சுவேதா. “அப்போ நெஜமா ஒண்ணு வாங்கணும்னு உனக்குத் தோணவே இல்லியாம்மா?”

ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசிக்கிற முகம் இல்லை நாகவல்லிக்கு. நிஜமாகவே அந்த நாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற முகம்.

“தோணலமா. படத்துல பாத்தனா, அவருகிட்ட கீற மாதிரியே இருந்துச்சி.”

சுவேதா தூணைப் பார்த்தாள். “அவரு தலையில அடியே இல்லன்னு உள்ள வக்கீல் சொன்னாரே?”

“இல்லமா. இடுப்புலதான்.”

“அப்போ அப்பா மேல தப்பு இல்ல.”

“இல்ல.”

அடுத்து தனக்கு என்ன வரும் என்று நாகவல்லி அப்படியே நின்றாள். சுவேதா அவளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு, அம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். யார் மீது கோபப்படுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். நாகவல்லி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உடுங்க மேடம். அது என்னியே திட்டட்டும். அவர இனிமே திட்டாதில்ல.”