மாடு பார்த்துக்கிடும்

என் வீட்டுக்காரர் வண்டியில் தூங்குகிற தூக்கத்தை ஊரே கேலி செய்யும். தென்காசியில் பாரம் ஏற்றிப் புளியறையில் இறக்கிவிட்டால் அவர் வேலை முடிந்தது. காலி வண்டியில் துண்டால் முகத்தை மூடிப் படுத்துவிடுவார். மாடுகள் இரண்டும் எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்கி, குற்றாலம் சாலையில் திரும்பி, எங்கள் வாசலில் வந்து நிற்கும். கழுத்துமணிச் சத்தம் நின்றதும் நான் கழனித்தண்ணியோடு வெளியே வருவேன். அவர் இறங்கி வீட்டுக்குள் வரும்வரை மாடுகள் ஓரடி நகராது. "அதுக்குள்ள வந்துட்டமா?" என்பார், ஏதோ அவரே ஓட்டிவந்த மாதிரி.

செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு லாரிகள் பெருகின. மற்ற வண்டிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவர் மட்டும் லாரி ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டார். மாடுகளை வடகரைக்காரர் ஒருவருக்கு விற்றார். லாரி வேண்டாம் என்று நான் மறித்தேன்.

"ஏட்டி, எதுக்குப் பயப்படுத? ரோடு அதே ரோடுதான். எந்த வளைவு எங்கன இருக்குன்னு என் கைக்குத் தெரியும். மாட்டையே மடக்குனவனுக்கு இஞ்சின் என்ன பெரிய பிரம்ம வித்தையா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. மலைப்பாதையில் அவரைப்போல லாரியைத் திருப்ப ஆள் இல்லை என்று முதலாளியே சொன்னார். எனக்கும் பெருமைதான். அவர் தொழிலில் பாதி மாடுகளுடையது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஒரு மத்தியானம், மலைக்கு அந்தப் பக்கம் பாரத்தை இறக்கிவிட்டுக் காலி லாரியோடு திரும்பியிருக்கிறார். கூடப் போன சுமைக்காரர் உயிர்தப்பி வந்து என்னிடம் அழுதார்.

"காலி வண்டின்னதும் அண்ணாச்சிக்குக் கண்ணு சொக்கிட்டு, மைனி. நான் கத்தினேன். முழிச்சவரு 'ஓ... ஓ...'ன்னுக்கிட்டே ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் நெஞ்சுக்கு இழுத்தாரு. பிரேக்குக்குக் காலு போகவே இல்ல."

மாட்டை நிறுத்துகிற கயிற்றை இழுத்திருக்கிறார். இரும்புக்கு அது எப்படித் தெரியும்? லாரி அவரோடு பள்ளத்துக்குள் போய்விட்டது.

அடுத்த குற்றாலச் சீசனில், சாரல் அடித்த ஒரு காலையில், வாசலில் மணிச்சத்தம் வந்து நின்றது. நான் கழனித்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் செத்தது வாளி தூக்கிய கைக்குத் தெரியவில்லை.

அதே மாடுகள். வண்டியில் இளநீர்க் குலைகளுக்கு நடுவே, துண்டால் முகத்தை மூடி ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டை விலக்க எனக்குப் பயமாக இருந்தது. விலக்காமலே நின்றேன். மாடுகள் தண்ணி குடித்து முடித்தன. காலி வாளி உருண்ட சத்தம் கேட்டு அந்த ஆளே எழுந்தார். வடகரைக்காரர், குற்றாலத்துக்குப் போகவேண்டியவர்.

"வண்டியில தூங்காதீங்க அண்ணாச்சி" என்றேன்.

"மாடு பார்த்துக்கிடும்லா" என்றவர், என்னை அடையாளம் தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

தட்டித்தட்டி ஓட்டிப் பார்த்தார். மாடுகள் அசையவில்லை. என் வீட்டுக்காரர் இறங்கி உள்ளே வருவதற்காகக் காத்து நின்றன. நானும் நின்றேன்.