சாவி வாங்கிய வில்லன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இரும்புலியூரில் எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து நடந்தேன்.

பதறாதீர்கள். நடக்கச் சொன்னதே அவள்தான்.

மாடி வீட்டு நிவேதா. விஷுவல் கம்யூனிகேஷன், கடைசி வருஷம். ஒரு த்ரில்லர் படத்தின் ஆரம்பத்தை மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு எடுத்துக் காட்ட வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். கொலையாளி யார், ஏன் கொன்றான், ஒன்றும் தேவையில்லை. முதுகு சில்லிட வேண்டும், டைட்டில் வர வேண்டும், முடிந்தது. பள்ளிக்கூடம் உள்பட பலதையும் ஆரம்பத்தோடு விட்டவன் நான். எனக்குப் பிடித்துப் போயிற்று.

"அண்ணா, நீங்கதான் வில்லன்."

"ஏம்மா, வேற ஆளே கிடைக்கலையா?"

"உங்க ஃபேஸ் அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க."

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒட்டிய கன்னம், புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. லாரி கிளீனராகவும் ஓட்டல் சர்வராகவும் சுற்றிய காலத்தில், பஸ் ஸ்டாண்டில் ஐம்பது பேர் படுத்திருந்தால் போலீஸ் எழுப்புவது என்னைத்தான். வாடகைக்கு ரூம் கேட்டால், "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். கோபமெல்லாம் வராது. அடுத்த தெருவுக்குப் போவேன். அவ்வளவுதான்.

நிவேதாவின் பாடுதான் கஷ்டம். ஏற்கெனவே எடுத்ததை அவள் சார் திருப்பி அனுப்பிவிட்டார். ஹூடி, கையுறை, தேங்கிய தண்ணீரில் பூட்ஸ் கால்... "போன வருஷமும் இதே ஹூடிதானேம்மா?" என்று கேட்டாராம். திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு.

"இதுவும் போச்சுன்னா அப்பா என்னை பேங்க் கோச்சிங்ல தள்ளிடுவாரு அண்ணா. ஃபீஸ்கூட விசாரிச்சு வெச்சுட்டாரு."

ஆகவே இந்த முறை ஹூடி இல்லை. என் பழைய கட்டம் போட்ட சட்டையே போதும் என்றாள். நடிக்க வேண்டிய தோழிக்குக் காய்ச்சல் என்பதால், டைரக்டரும் அவளே, சாகப் போகிறவளும் அவளே. கூடப் படிக்கும் கார்த்திக் எங்கள் மாடியில் கேமராவோடு நின்றான். சட்டைக் காலருக்குள் எனக்கு ஒரு குட்டி மைக்.

மேகம் மூடிய காலை. த்ரில்லருக்கென்றே செய்த வெளிச்சம். ஆனால் தெரு ஒத்துழைக்க வேண்டாமா?

முதல் டேக்கில், நான் பிஸ்கட் போடும் தெருநாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலைச் சுற்றியது. கட். இரண்டாவது டேக்கில் இஸ்திரிக்காரர் வண்டியிலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா சார், வாக்கிங்கா?" கட்.

மூன்றாவது நன்றாகப் போனது. தெருவில் ஈ காக்கை இல்லை. நிவேதா நடையை வேகமாக்கினாள். நானும் வேகமாக்கினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. அப்போது...

கிரீச்சென்று ஒரு கேட் திறந்தது. மல்லிகா அக்கா. எங்கள் எதிர்வீடு. நைட்டி மேல் துண்டு, கையில் எண்ணெய்க் கேன்.

"ணா! நல்ல நேரத்துல வந்தீங்க. ரேஷன்ல பாமாயில் போட்டுகினு கீறாங்களாம். கேஸ்காரன் வந்தா தொறந்து வுட்டுடுங்க. வூட்ல யாரும் இல்ல."

வீட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். கொலைகாரன் உள்ளங்கையில்! விறுவிறுவென்று போய்விட்டார்.

நிவேதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன்ணா, இந்தத் தெருவுல ஒருத்தருக்குக்கூடவா உங்களைப் பார்த்தா பயமே வரல?"

என்னை அப்படித் திட்டிய முதல் ஆள் அவள்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாடியிலிருந்து கார்த்திக் கத்தினான்: "நிவி, நான் கட் பண்ணல. மேல வந்து இதைப் பாரு!"

பார்த்தோம். முன்னால் பயந்து நடக்கும் பெண். பின்னால் ஒருவன். குறுக்கே சிரித்துக்கொண்டு வரும் எதிர்வீட்டுக்காரி. 'வூட்ல யாரும் இல்ல.' கையில் சாவி. அவன் சாவியைப் பார்க்கிறான்... பார்த்துக்கொண்டே நிற்கிறான். நிஜத்தில் நான் யோசித்தது, கேஸ்காரன் சில்லறை கேட்பானோ என்றுதான். திரையில் அப்படித் தெரியவில்லை. எனக்கே முதுகு சில்லிட்டது.

"டைட்டில் இங்கதான்டா," என்றாள் நிவேதா. "பேரும் மாத்தணும். 'தெரிஞ்சவர்'."

ஆனால் மல்லிகா அக்கா சம்மதிக்க வேண்டுமே? கேட்காமல் போட முடியாது. எனக்கு வேறு ஒரு பயம். இந்தத் தெருவில் ஆறு வருஷத்தில் நான் சம்பாதித்தது இந்தச் சாவி ஒன்றைத்தான். திரையில் அந்த மூஞ்சியைப் பார்த்த பிறகு யார் தருவார்கள்? வேண்டாம்மா, விட்டுவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. பேங்க் கோச்சிங் ஞாபகம் வந்தது. அக்கா ரேஷனிலிருந்து திரும்பியதும் நிவேதாவோடு நானும் போனேன்.

அக்கா நிவேதாவின் போனை வாங்கிப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"அடிப்பாவி! நைட்டியோடயா எடுத்த? துண்டு வேற! இரு, பொடவை கட்டிகினு வரேன். இன்னொரு தபா எடு."

"ஐயோ அக்கா, நைட்டிதான் பியூட்டியே!"

"இன்னா பியூட்டியோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னாணா இப்டி முழிக்கிறீங்க? பாத்தாலே பேஜாரா கீது." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, போட்டுக்கோ. ஊரே பாக்கட்டும்."

காலேஜில் போட்டுக் காட்டியபோது, சாவி வந்த இடத்தில் ஹாலே மூச்சு விடவில்லையாம். நல்ல மார்க். ஒரு எடிட்டிங் ஸ்டுடியோவில் இன்டர்ன்ஷிப்புக்கு சாரே சொல்லிவிட்டார். அவள் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்தாராம். கோச்சிங் பேச்சு அதோடு நின்றது.

நேற்று மல்லிகா அக்கா திருநீர்மலை கோயிலுக்குக் கிளம்பினார். வாசலில் நின்றிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கள பாத்தா இப்பல்லாம் பயமா கீதுணா," என்றார்.

சொல்லிக்கொண்டே சாவியை நீட்டினார்.