திருநீறு முதல், முகம் பிறகு

முகம் வரையப் போன நான் முதலில் கற்றுக்கொண்டது திருநீறு வரைய. அதற்குக் காரணம் நான் ஆசிரியரைத் தேடிய விதம். சந்தையில் வெண்டிக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவன், இந்த விஷயத்தில் மட்டும் எதையும் ஒடித்துப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சண்டிலிப்பாயில் வீடு, முப்பத்துநான்கு வயது, ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. கனடாவுக்குப் போய் ஏழு வருடமான தம்பிக்கு மகள் பிறந்திருந்தாள். பிள்ளைக்குக் காட்ட அப்பாவின் படம் ஒன்று அனுப்பச் சொல்லி எழுதியிருந்தான். யுத்தத் தடையால் எங்கள் பக்கம் பிலிம் ரோல் வராத காலம். எங்கள் ஸ்ரூடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அதில் அவர், யாருடைய மாட்டையோ அவிழ்த்துக்கொண்டு போகும்போது பிடிபட்டவர்போல இருப்பார். பங்குனியில் கொழும்புக்குப் போகவிருந்த சித்தப்பா, படம் இருந்தால் அங்கே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். மூன்று மாதம் இருந்தது. நானே வரைந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பூசணிக்காய் வரைந்து பாராட்டு வாங்கிய துணிவு.

விசாரித்ததில் கற்றுக்கொடுக்க இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் சாவகச்சேரியில் செத்தவீட்டுப் படம் வரைகிற மாஸ்ரர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மாலை போட்டு வைப்பார்களே, அந்தப் படம். அடையாள அட்டையைப் பார்த்துப் பெரிதாக்கி வரைந்து கொடுப்பார். மற்றவர் நீர்வேலியில் ஒரு ரீச்சர். மெதடிஸ்த சபைக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். உயிருள்ள ஆளை முன்னால் இருத்தித்தான் வரைய வேண்டும் என்பவர். ஒரே மாதத்தில் முகம் வந்துவிடும் என்று மாஸ்ரர் அடித்துச் சொன்னார். ரீச்சரோ, அது உங்கள் கண்ணைப் பொறுத்தது என்றார். என் கண்ணை நம்பி நான் எந்தக் காரியமும் செய்ததில்லை. நீர்வேலி கிட்ட, சாவகச்சேரி தூரம். இருந்தும் சனிக்கிழமைதோறும் சாவகச்சேரிக்கே சைக்கிள் மிதித்தேன்.

மாஸ்ரரின் முறையில் தலையும் இல்லை, தாடையும் இல்லை. வெறுங் கடதாசியில் முதலில் அடிமட்டம் வைத்து மூன்று திருநீற்றுக் கோடுகள். நடுவில் சந்தனப் பொட்டு. பொட்டிலிருந்து நேரே கீழே இறக்கினால் மூக்கு. கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் இறக்கினால் கன்னங்கள். காதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, இறந்தவரின் காதை யாரும் பார்ப்பதில்லை என்பார். ஆறு வாரத்தில் எட்டு முகங்கள் வரைந்தேன். எட்டும் ஓய்வுபெற்ற ஒரே நீதவானின் முகமாக இருந்தன. ஒன்றுக்கு மட்டும் கொண்டை.

ஒன்பதாவது அப்பா. அம்மா பார்த்தவுடன் அதை முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார். அப்பா வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வடிவாய்த்தான் கீறியிருக்கிறாய். உவருக்கு எப்ப அந்தியேட்டி?”

தம்பியின் பிள்ளைக்கு அதை அனுப்ப முடியாது என்பது எனக்கும் விளங்கியது. ஆறு வாரம்தான் மிச்சம். வெட்கத்தை விட்டு நீர்வேலிக்குப் போனேன்.

வாழைத் தோட்டத்தைப் பார்த்த விறாந்தையில் ரீச்சர் தானே கதிரையில் இருந்து, தன்னை வரையச் சொன்னார். அங்கே படிக்கிற நாலைந்து பெட்டைகள் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பென்சிலை எடுத்ததும் கை பழக்கத்தில் ஓடியது. கை ஓடுகிறதே என்று எனக்குப் பெருமை வேறு. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கிணுகிணுப்பு, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. குனிந்து பார்த்தேன். மெதடிஸ்த ரீச்சருக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசிச் சந்தனமும் வைத்திருந்தேன். எழும்பி ஓடிவிடலாமா என்று சைக்கிளைப் பார்த்தேன்.

ரீச்சர் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு சிரிக்காமல் கேட்டார்.

“என்ரை நெத்தியிலை உண்மையாய் என்ன இருக்குது? பாத்துச் சொல்லுங்கோ.”

அப்போதுதான் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னக் கொப்பளிப்பான் அம்மைத் தழும்பு இருந்தது. அரை மணி நேரம் எதிரே இருந்தும் அதை நான் காணவில்லை. சொன்னேன். சரி, அடுத்த கிழமையும் வாருங்கள், ஆனால் இரண்டு கிழமைக்குப் பென்சில் தொடக் கூடாது, பார்த்துப் பார்த்துச் சொல்ல மட்டும் வேண்டும் என்றார். படத்தைத் திருப்பிக் கேட்டேன். போதகரான தன் தகப்பனுக்குக் காட்ட வேண்டுமாம், தரவில்லை.

பென்சில் தொட அனுமதி கிடைத்த பிறகு, அப்பாவை முன்னால் இருத்துவதுதான் பெரும்பாடு. அசையாமல் இருக்கத் தான் என்ன பிரேதமா என்று கேட்டார். கடைசியில் ஒரு காலை, கிணற்றடியில் அவர் சவரம் செய்யும்போது எதிரே வாங்கைப் போட்டு உட்கார்ந்தேன். குளிக்கவில்லை, ஆகையால் திருநீறும் இல்லை. பூசிக்கொண்டு வருகிறேன் என்றவரை, வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினேன். தன் தோட்டத்துப் புகையிலையில் புழு விழுந்ததைப் பற்றித் திட்டிக்கொண்டே இருந்தார்.

திருநீறில்லாத அந்த நெற்றியை நான் அதுவரை நின்று பார்த்ததில்லை. அங்கே மூன்று கோடுகள் ஏற்கெனவே இருந்தன. வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கி விழுந்தவை. மேல் கோடு மெலிது. நடுக்கோடு பாதியில் அறுந்து மறுபடி தொடங்கியது. கீழ்க்கோடு நல்ல ஆழம். எந்த அடிமட்டமும் அவற்றுக்கு ஒத்துவராது. எனக்குக் கண் கலங்கியது. தாடையில் சவர்க்கார நுரையோடு அவர் என்னடா என்று கேட்க, வெயில் கண்ணில் படுகிறது என்றேன்.

அந்தப் படத்தைத்தான் சித்தப்பா கொண்டுபோனார். மறுமொழி வர நான்கு மாதம் ஆனது. படம் நல்லது, கெட்டது என்று தம்பி ஒன்றும் எழுதவில்லை. “அண்ணை, அப்பாவுக்கு எப்ப இவ்வளவு வயசு போனது?” என்று மட்டும் கேட்டிருந்தான்.

அதை நான் வாசித்துக் காட்டியதும் அப்பா நெற்றியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“கீறினவனுக்குக் கண் பழுதெண்டு எழுது.”

ஓம் என்று அப்படியே எழுதி அனுப்பினேன். நெற்றியின் அந்த ஆழமான கீழ்க்கோட்டைப் பாதி அழித்து மெலிதாக்கித்தான் படத்தை அனுப்பினேன் என்பதை இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.