புண்ணாக்குத் தண்ணி மாடியேறிய கதை

என் இரண்டு முழங்கால்களும் ஒரே மாதத்தில் மக்கர் பண்ண ஆரம்பித்தன. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை எனக்கு. காலண்டர் சீசன் வந்தால் மேசைக்கு முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே தாள் அடுக்க வேண்டும். அப்படி நின்ற கால் எத்தனை வருசம்தான் பொறுக்கும்? டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, படி ஏறலாம், ஆனால் கையில் பாரம் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது என்றார். கையில் பாரம் இல்லாமல் நான் மாடிக்குப் போய் என்ன செய்ய என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மாடியில்தான் என் தோட்டம் இருந்தது. அச்சகத்தில் மை தீர்ந்த பிளாஸ்டிக் வாளிகளைக் கேட்டு வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி வைத்த தோட்டம். கத்தரி, தக்காளி, மிளகாய், ஒரு அவரைக் கொடி, பிச்சி, கனகாம்பரம். பெரிய பண்ணை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் அங்கே போய் நின்றால் எனக்கு யார் மேலும் கோபம் வராது, அது என்னைத் தெரிந்தவர்களுக்குப் பெரிய அதிசயம்.

எங்கள் வீடு பழைய வீடு. மாடியில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. கீழே தரைத்தொட்டியும் ஒரு சின்ன மோட்டாரும்தான். தண்ணீரை ஓஸ் பைப்பு போட்டு மேலே ஏற்றிவிடலாம், அது பிரச்சினையில்லை. எருவை என்ன செய்வது? ஒரு வாளி மண்ணில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது? எங்கள் ஊர் வெயிலுக்கு வாரம் ஒரு தடவையாவது கரைசல் கொடுக்காவிட்டால் தொட்டிச் செடி நிற்காது. கரைசலை வாளியில்தான் சுமக்க வேண்டும். ஒருநாள் அப்படிச் சுமந்து போகும்போது நடுப்படியில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாளி உருண்டு வாசல் வரைக்கும் போய்விட்டது.

அதைப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். என்னைத் தூக்கி உட்காரவைத்தார், தைலம் தேய்த்தார், எல்லாம் செய்தார். அப்புறம் என் கண் முன்னாலேயே காரியாபட்டியில் இருக்கும் என் தங்கச்சிக்குப் போன் போட்டார். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்ததும் வண்டியோடு வந்து தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். அவர்களுக்குத் தோட்டம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, செடி பிழைத்துக்கொள்ளும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் ரசம் மட்டும்தான் வைத்தேன். அதையும் மனுசன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் பகுதியில் போர்மேன். அந்த வேலையை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பதால் கருக்கலிலேயே கிளம்பிப் போய், சாயங்காலம் நான் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். கம்பெனிச் சட்டம் வீட்டிலும் நடக்கும். எதையும் அவசரமாகக் கிண்டக் கூடாது, இரும்பை இரும்போடு உரசக் கூடாது, ஒரே இடத்தில் நாலு பேர் கூடி நிற்கக் கூடாது. எங்கள் கல்யாணம் ஆன புதிதில், நான் தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டினால் அடுத்த அறையிலிருந்து எழுந்து வருவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்குக் கம்பெனிப் பழக்கம்.

வெம்பக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் கூட்டாளி ஒருத்தி எனக்கு உண்டு. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்ன சங்கதி என்று கேட்டாள். சொன்னேன். இதுக்கா இம்புட்டு யோசனை என்றாள். அவள் அண்ணன் வெள்ளாமைக் காட்டில் சொட்டுநீர் போட்டிருக்கிறார்களாம். உரத்தை யாரும் சுமப்பதில்லையாம். தண்ணீர்க் குழாயின் நடுவில் வெஞ்சுரி என்று ஒன்றை மாட்டுவார்களாம். நடுவில் ஒடுங்கின குழாய், பக்கத்தில் ஒரு மெல்லிய டியூப். தண்ணீர் வேகமாகப் போகும்போது அந்த டியூப் வழியாக டிரம்மில் இருக்கும் கரைசலைத் தானாக உறிஞ்சிக் கலந்துகொள்ளுமாம். எனக்கு அந்த நிமிசமே பசி எடுத்தது.

சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடையில் சின்ன அளவில் ஒன்று வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் பாரம் இல்லாமல் படி ஏறலாம்னு டாக்டரே சொல்லியிருக்கார், இது சரியா வந்தா செடி இங்கனதான் இருக்கும், வரலேன்னா என் தங்கச்சி ஏத்திட்டுப் போகட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். நான் வாயைத் திறக்காமல் இருப்பேன் என்பதை அவர் நம்பவில்லை. ஆனால் சரி என்று அதை ஓஸில் மாட்டிக் கொடுத்தார்.

எந்தக் கரைசல் என்பதில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. உரக்கடையில் கரையும் உரம் என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். அவர் அதன் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இது வெடியுப்பு, எங்க கம்பெனி ஸ்டோரிலேயே இருக்கு, இதை வீட்டுக்குள் விட மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம் போடலாம் என்றேன். அமிலம் என்ற பேரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் விருதுநகர்ச் செக்கில் வாங்கிய கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. புண்ணாக்கையும் சாணியையும் தண்ணீரில் போட்டு, நாலைந்து நாள் ஊறிப் புளித்தபின் வடிகட்டி ஊற்ற வேண்டும். அது வெடிக்காது என்று ஒத்துக்கொண்டார்.

கம்பெனிக்குக் கிளம்பும் முன்னால் அவர் கரைப்பது என்று ஆயிற்று. கரைக்கிற நாளெல்லாம் அந்தப் பக்கம் நான் உட்பட யாரும் வரக் கூடாது. பிளாஸ்டிக் டிரம்தான், மரக்கட்டையால்தான் கிண்டுவார். எதிர்வீட்டுக்காரர் பீடியோடு எட்டிப் பார்த்ததற்கு அவரை வாசலோடு நிறுத்தி, அணைத்துவிட்டு வரச் சொன்னார். புண்ணாக்குத் தண்ணிக்கா இம்புட்டு என்று அந்த ஆள் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கெல்லாம் தெருவே எங்களைப் பார்த்துச் சிரித்தது.

நாலைந்து நாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மோட்டாரைப் போட்டதும் நான் கை வீசிக்கொண்டு படி ஏறினேன். மேலே ஓஸ் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் வெறும் தண்ணீர் வந்தது. அப்புறம் லேசாகப் பழுப்பு நிறம். அடி ஆத்தி, எனக்கு வந்த சந்தோசம்! கத்தரிக்கு, தக்காளிக்கு, மிளகாய்க்கு என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் பிடித்தேன். கீழேயிருந்து அவர் வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வருதுங்க என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் மறுபடியும் வெளியே வந்துவிட்டார். உடனே திப்பி அடைத்து ஓஸ் நின்றுபோனது வேறு விசயம். எங்கள் அச்சகத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கட்டும் நைலான் வலையில் கழித்துப் போட்ட துண்டு ஒன்றை வாங்கி வந்து மடித்துக் கட்டினேன். அதில் வடிகட்டியபின் ஒரு தூசி கூட அடைக்கவில்லை.

இப்படி எல்லாம் சரியாக நடந்தும் செடி தேறவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இன்னும் ஒரு வாரம் பார்த்தேன். கத்தரி இலை மஞ்சளடித்தது. அவரை பூ வைக்காமல் நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகத் தக்காளிச் செடி நாளுக்கு நாள் சுருங்கியது. தொட்டிகளில் எறும்பு வேறு மொய்த்தது. தங்கச்சி போன் பண்ணி, வண்டி பேசியாச்சுக்கா, எத்தனை தொட்டி வரும் என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஒருநாள் அச்சகத்தில் மிசின் பழுதாகி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைகிறேன், என் வீட்டுக்காரர் டிரம்மைச் சாய்த்து, காலையில் கரைத்த அவ்வளவையும் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஊற்றிவிட்டு டிரம்மை இரண்டு தடவை அலசி, வெயிலில் கவிழ்த்தும் வைத்தார். அத்தனை ஒழுங்கு.

"என்னத்தங்க செய்றீக?" என்றேன்.

"மிச்சத்தக் கொட்டுறேன். நாளைக்குக் காலையில புதுசாக் கலக்கிக்கிருவோம்."

தினமும் இதுதான் நடந்திருக்கிறது. கலக்கின மருந்தில் மிச்சத்தை ராத்திரிக்கு வைக்கக் கூடாது, அன்றன்றைக்கு அழித்துவிட வேண்டும் என்பது கம்பெனியில் முதல் சட்டம். அந்தக் கை, புண்ணாக்குக்கும் அதையே செய்திருக்கிறது. நாலு நாள் ஊற வேண்டியதை ஒரு ராத்திரி கூட விடவில்லை. என் செடிகள் இத்தனை நாளும் குடித்தது பச்சைப் புண்ணாக்குக் கழுவின தண்ணீர்.

நான் சும்மா இருப்பேனா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். புளிக்க வைக்க வேண்டும் என்று சொன்னது காதில் விழவில்லையா, இட்லி மாவையும் தினம் கொட்டச் சொல்வீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். ஊற வைக்கத்தான் தினமும் நினைப்பாராம். பொழுது சாய்ந்தால் கை கேட்பதில்லையாம். அப்புறம் மெதுவாகச் சொன்னார், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து ஷெட்டில் ஆர்டர் அவசரத்தில் யாரோ மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் போனார்களாம். மறுநாள் காலையில் அந்தக் கதவைத் திறக்கப் போனது அவர்கூட வேலை பார்த்த சேக்காளி. இத்தனை வருசத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செடியை அனுப்பிருவோம்ங்க. உங்களுக்குத் தூக்கம் கெட்டு எனக்கு ஒரு கத்தரிக்கா வேண்டாம்."

நிசமாகத்தான் சொன்னேன். சொன்னபோது அழுகையும் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. அவர் கவிழ்த்து வைத்த டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது டிரம் நிரம்பியிருந்தது. கொட்டவில்லை. வாயில் வெள்ளைத் துணி போட்டு, கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். எதிரே ஒரு நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதற்குக் காவல் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பயமா இல்லையாக்கும்?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா நீ கை வீசிக்கிட்டு மாடி ஏறுறதப் பாக்க நல்லாருக்கு. அது கெடக்கட்டும்."

கிடந்தது. இரண்டாம் நாள் நுரை கட்டியது. மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. அவர் காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் துணியை விலக்கி மரக்கட்டையால் மெதுவாகக் கிண்டிவிட்டு, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குச் செய்தி சொல்வார். நன்றாகப் புளித்தபின் வடிகட்டி, மோட்டாரைப் போட்டார். மேலே ஓஸில் வந்த நாற்றத்துக்குத் தெருவே மூக்கைப் பொத்தியது. எனக்கு மட்டும் அது மணத்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் நின்று நிதானமாகப் பிடித்தேன். கீழே அவர், போதுமா என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் என்பேன். அன்றைக்கு அவ்வளவு சிரித்தோம், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்தடுத்த வாரங்களில் இலை கரும்பச்சையானது. அவரை பூத்துத் தள்ளியது. கத்தரியில் பிஞ்சு இறங்கியது. ஆனால் தங்கச்சிக்கு வர வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை. என் கால் விசயத்தில் அவர் பயம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. செடியை அனுப்பிவிடலாம் என்று சொன்ன வாய் வேறு.

பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார்கள். காபி குடித்த கையோடு என் வீட்டுக்காரரின் சகலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். காய் தொங்கும் கத்தரித் தொட்டியைத்தான் முதலில் தூக்கினார். என் வீட்டுக்காரர் கடைசிப் படியில் நின்றார்.

"சகல, அத இறக்கி வைங்க."

"என்னத்தான், நீங்கதான போன் போட்டு வரச் சொன்னீக?" என்றாள் தங்கச்சி.

"சொன்னேன். கீழ டிரம்முல கரைசல் ஊறுது. பதமாக இன்னும் மூணு நாளாகும். அதக் குடிக்காமச் செடிய அனுப்ப முடியாது."

"சரி, மூணு நாள் கழிச்சு வாரோம்" என்றார் சகலை.

"தாராளமா வாங்க, கறி எடுத்து வைக்கேன்" என்றார் அவர். "ஆனா அன்னைக்கு அடுத்தது ஊறிக்கிட்டிருக்கும்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன், அழவும் செய்தேன். சகலை கத்தரித் தொட்டியைப் பூப்போல இறக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.