ஷஃபான் மாதத்து இலைக்கஞ்சி

எங்கள் வளாகத்தில் ஆரோக்கிய உணவுக் குழு என்று ஒன்று உண்டு. அதற்கு நான் செயலாளர். கடிதம் எழுதவும் தேநீருக்குச் சொல்லவும் ஒருவர் வேண்டும், வேறு யாரும் முன்வரவில்லை, அதனால் நான். போசணை படிப்பிக்கிறவன்தானே, இவன் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

குழுவில் ஐந்து ஆண்கள். ஒரு பெண் விரிவுரையாளரின் பெயரும் பட்டியலில் இருந்தது. கூட்டங்களைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்தோம். அந்த நேரத்தில் அவர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் "சமூகமளிக்கவில்லை" என்று அறிக்கையில் எழுதினேன். நேரத்தை மாற்றலாமே என்று எனக்கோ மற்றவர்களுக்கோ தோன்றவில்லை.

குழுவின் கவலை பெரிய கவலை. பிள்ளைகள் காலையில் ரோல்ஸும் பெட்டீஸும் தின்று, சீனி தூக்கலான பால்தேத்தண்ணி குடிக்கிறார்கள். மத்தியானம் லன்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பொதி. பின்னேரம் அந்த ஷீட்டெல்லாம் காற்றில் பறந்து வேலியில் தொங்கும். நிலைபேறான உணவு, உள்ளூர் உற்பத்தி என்று பக்கம் பக்கமாக எழுதினோம். எழுதியதை யாரும் வாசிக்கவில்லை. எழுதிய எனக்கே திரும்ப வாசிக்கப் பொறுமை இல்லை.

நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு பெண் மேசை ஒன்றில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தமிழ் ஊரான வீரமுனையைச் சேர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பிரதான வீதி ஓரத்தில் காலையில் இலைக்கஞ்சி. சாகாமக் குளத்துத் தண்ணீரில் அவருடைய புருசன் செய்த வயலின் சிவப்பரிசி. வல்லாரை, முடக்கொத்தான், பொன்னாங்காணி எல்லாம் அவருடைய வளவில் பிடுங்கியவை. தேங்காய்ப்பால் விட்டு, பக்கத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டி. பிளாஸ்டிக் கோப்பை கிடையாது, வழவழவென்று தேய்த்த சிரட்டையில்தான் ஊற்றித் தருவார். நான் வேலைக்குப் போகும் வழியில் நின்று குடிப்பேன். பிறகு வீதி வேலை வந்து, மேசை போட்டிருந்த இடமும் போயிற்று.

நான்தான் அவரை வளாகத்துக்குக் கூப்பிட்டேன். வருடத் தொடக்கத்தில் மூன்று காலைகள், நூலகத்துக்குப் பக்கத்து மரத்தடியில் பானையை இறக்கினார். பெண்கள் விடுதி கிட்டத்தான், அநேகமாக எல்லாரும் முஸ்லிம் பிள்ளைகள். ஒன்பது மணிக்கு முன்னமே பெண் பிள்ளைகள் பானையை வழித்துவிட்டார்கள். பொடியன்மார் மூக்கைச் சுளித்தார்கள். "சேர், இது கஞ்சியா, கசாயமா?" என்று ஒருவன் கேட்டான். ரோல்ஸ் தின்கிற வாய்க்கு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மரத்தடிக்கு அருகில் ஒரு சிறிய கடையறை பூட்டிக் கிடந்தது. அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஒரு கூரையும் ஒரு பைப்பும் இரிந்தாப் போதும் சேர். மழைக்குப் பானையத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவல்ல. இது கிடைச்சா நான் வேற ஒண்டும் கேக்க மாட்டன்."

அந்த அறைக்கு இன்னொரு விண்ணப்பமும் இருந்தது. குளிர்பானப் பெட்டியும் பெட்டீஸ் அலுமாரியும் வைக்கக் கேட்டிருந்தார்கள். நிர்வாகம் நியாயமாகத்தான் கதைத்தது: கஞ்சிக்குக் கேள்வி இருக்கிறதென்று காட்டுங்கள், தருகிறோம். இரண்டு கிழமை, பத்து வேலைநாள், ஒரு நாளைக்கு நூறு சிரட்டை போக வேண்டும். எனக்கு மனதுக்குள் சிரிப்பு. அந்தப் பானை ஒன்பது மணியைக் கண்டதே இல்லை.

நாள் குறித்தது நான். றமழான் வந்தால் உணவகங்கள் மூடிவிடும், அதற்குப் பிறகு விடுமுறை. ஆகவே றமழானுக்கு முந்திய இரண்டு கிழமை, அதாவது ஷஃபான் மாதத்தின் பின்பாதி. ஷஃபான் நடுவில் வரும் பராத் இரவுக்குப் பள்ளிவாசலில் ஒன்றாக உட்கார்ந்து ஓதிவிட்டு வந்த ஐந்து பேரும் மறுநாள் கூட்டத்தில் சரி என்றார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நாங்கள் ஒரு பதாகையும் அடித்தோம். "உங்கள் காலை உணவு, உங்கள் மண்ணிலிருந்து" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே அவருடைய படம், பெயர், ஊர். உள்ளூர் உற்பத்தியாளருக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைப்பு.

முதல் நாள் பத்தொன்பது சிரட்டை போயிற்று. இரண்டாம் நாள் பதினாறு. குடித்தவர்களில் பாதிப்பேர் காவலாளிகளும் தோட்ட வேலைக்காரர்களும். பெண் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், மேசையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், நூலகத்துக்குள் போய்விட்டார்கள். நான் காலை ஏழரைக்கே மேசையடியில் கொப்பியோடு நின்று எண்ணினேன். ஐந்தாம் நாள் பதினொன்று. மிஞ்சிய கஞ்சியை அவர் மாட்டுக்கென்று வாளியில் ஊற்றிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் பானையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சேர், ஒண்டு கேட்டாக் கோவிக்கப்படாது. போன முறை குடிச்ச புள்ளையள்தானே இவங்க?"

"ஓம்."

"அப்ப நான் எந்த ஊர் எண்டு அவங்களுக்குத் தெரியா. இப்ப எழுதிக் கட்டியிரிக்கு. என்ர கையால குடிக்க மனமில்லையோ?"

"அப்பிடி ஒண்டுமில்ல," என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் அதே சந்தேகம்தான். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் கொன்ற காலத்தைக் கண்ட இந்தப் பக்கத்தில், அப்படி ஒரு கேள்வி எந்தப் பழைய காயத்தில் போய்த் தொடும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பானையைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு என் மாணவிகள் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. மறுநாள் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுத் தொடங்கினேன். "ஒரு மனிசி விடியச் சாமத்தில எழும்பி உங்களுக்காகக் கஞ்சி காச்சிக்கொண்டு வாறா. சமைச்சது ஆர் எண்டு பாத்துக் குடிக்கிற புள்ளைகளுக்கு நான் என்ன போசணை படிப்பிக்கிற? உங்கட வாப்பா உம்மா இதையா சொல்லித் தந்த?" இருபது நிமிடம் ஏசியிருப்பேன். ஆண் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் ஒருத்தி அழுதாள். குற்றமுள்ள நெஞ்சு, குறுகுறுக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மோட்டார் சைக்கிள் வழியில் பழுதாகி, பள்ளிவாசலுக்குப் போக நேரமில்லாமல் நேரே வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக அந்தி மஃரிப் தொழுதுவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். பாங்கு சொல்லி முடிந்த நேரம். குசினியில் மனைவி தனியாக உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"நோன்பு துறக்கிறன், வேறென்ன."

"என்ன நோன்பு?"

"கழா."

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு நோற்பதில்லை. றமழானில் அப்படி விட்ட நாட்களை அடுத்த றமழானுக்குள் நோற்று முடிக்க வேண்டும். அதுதான் கழா. இதை ஓதிப் படித்திருக்கிறேன். பரீட்சையில் கேட்டால் முழுப் புள்ளி வாங்குவேன்.

"எத்தினாவது நாள்?" என்று கேட்டேன்.

"ஆறு. இன்னும் ஒண்டு இரிக்கி."

"எனக்குச் சொல்லல்லியே."

"சொன்னா நீங்களும் பிடிக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள். "பதினொரு மாசம் கிடந்தாலும் எல்லாரும் கடைசி ரெண்டு கிழமையிலதான் முழிக்கிற. இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் இதான் கதை."

கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தேன். "அப்ப ஹொஸ்டல் புள்ளைகள்?"

"அவளுகளும் பொம்புளைகள்தானே."

"ஒருத்தியாவது எனக்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னெண்டு சொல்ற? 'சேர், எனக்கு ஏழு நாள் விடுபட்டுப் போச்சு' எண்டா?"

"நோன்பில்லாதவள் குடிக்கலாம்தானே."

"நோன்பில்லாட்டி அதுக்கு இன்னொரு காரணம் இரிக்கி. அதைச் சபையில குடிச்சிக் காட்டுவாளா? நீங்க படிச்சி என்னத்துக்கு?"

பத்தாம் நாள், கடைசி நாள், மேசையடிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். குழுவில் இருவர் பதாகையை அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள், நாலைந்து மாணவர்களும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பெண்ணிடம், மாணவிகளின் உடம்பைப் பற்றி நான் எப்படிக் கதைப்பது? "கூட்டத்தில கதைக்கிறன், யோசிக்காதீங்க," என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பானையை முச்சக்கரவண்டியில் ஏற்றினார். அன்றைக்கே வகுப்புக்குப் போய், நேற்று ஏசியது என் பிழை, விட்டுவிடுங்கள் என்றேன். என்ன பிழை என்று சொல்லவில்லை. பெண் பிள்ளைகளுக்கு விளங்கியது. அவர்கள் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று பின்னேரமே கூட்டம். மேசையைச் சுற்றி ஐந்து ஆண்கள், தேநீர், பிஸ்கட். தலைவர் என் எண்ணிக்கையை வாசித்துவிட்டு, "பிள்ளைகளுக்கு விருப்பமில்லை போல," என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது விருப்பமின்மை இல்லை, இந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு... என்று தொடங்கினேன். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. "பரீட்சை நெருக்கம்," என்று முடித்தேன்.

தலைவர் நாட்காட்டியைத் திருப்பினார். "பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் இரிக்கே."

அறை குளிர்பானத்துக்குப் போயிற்று. வெளியே வரும்போது குழுவில் ஒருவர் என் தோளைத் தொட்டு, மெதுவாகச் சொன்னார்: "எங்கட வீட்டிலயும் ரெண்டு பேர் கழாப் பிடிக்கிறாங்க. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிரிந்தன்." அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. பிறகு யோசித்தால், அவர் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

குளிர்பானப் பெட்டி வந்து இறங்கிய நாள் றமழான் பத்தோ பதினொன்றோ. அன்றிரவே நிர்வாகத்துக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். கழா என்ற சொல்லையும் மாதவிலக்கு என்ற சொல்லையும் அதில் தெளிவாக எழுதினேன். தாளில் எழுதக் கூச்சமே இருக்கவில்லை. மறுநாள் பின்னேரம் வீரமுனைக்குப் போனேன்.

அவருடைய புருசன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். தண்ணீர் எடுக்க உள்ளே போனவர் வாசலில் நின்று, "நோன்பென்ன?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு ஆண்களுக்கு முன்னால் வராத சொல் அவர்கள் இருவருக்கும் முன்னால் எளிதாக வந்தது.

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப என்ர கையில ஒண்டுமில்ல?"

"ஒண்டுமில்ல. அந்தப் புள்ளைகளுக்கு உங்கட கஞ்சியெண்டா உசிர்."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கடைசி நாளுக்கு முதல் நாள்."

"அப்ப கடைசி நாள் தெரிஞ்சிகொண்டுதான் எனக்கு முன்னால நிண்டீங்க."

"ஓம்."

"புள்ளையளுக்கு வெக்கம். அது சரி. உங்களுக்கு என்ன சேர்?"

பிழை என்னுடையது, மன்னியுங்கள் என்றேன். திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறேன், பெருநாளைக்குப் பிறகு இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். "எழுதுங்க," என்றார், வேறு யாருடைய விசயமோ போல.

அதுவரை தலை நிமிராமல் இருந்த புருசன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நாலாம் நாளையிலிருந்து இவ நெத்தியில பொட்டில்லாமத்தான் அங்க வந்தவ, சேர். நான் உசிரோட இரிக்கக்குள்ள. வழியில அழிச்சிப்போட்டுப் போய், வரக்குள்ள திரும்ப வெச்சிக்கொண்டு வருவா. எவ்வளவு ஏசியும் கேக்கல்ல. சேர் ஒரு நாளும் காணல்லையா?"

"விடுங்க," என்றார் அவர்.

அந்த ஏழு நாளும் காலை ஏழரையிலிருந்து நான் அவருக்கு நேர் எதிரேதான் நின்றிருக்கிறேன். நான் காணவில்லை.