பாடகியின் பல் செட்

அந்த ஊரில் பல பேர் வாயில் இருந்த சிரிப்பு பல்காரர் செய்து கொடுத்ததுதான். பல் மருத்துவமனையின் பின்னறையில், மெழுகும் அரமும் மாவு அச்சுகளுமாக, வருஷக்கணக்கில் பல் செட் செய்துகொண்டிருந்தார். வேலையில் புலி, வீட்டில் பூனை. மனிதருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு பாடகி. அந்தக் குரல் ரேடியோவில் வந்துவிட்டால் அடுப்பில் மெழுகு கருகுவதுகூடத் தெரியாது.

அவர் மனைவிக்கோ அந்தப் பாடகியைக் கண்டாலே ஆகாது.

"அவளையே கட்டியிருக்க வேண்டியதுதானே? சமையலும் பாடிக்கிட்டே பண்ணிப் போட்டிருப்பா" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். நேராக்கித் தருகிறேன் என்றதற்கு, "உங்க கடைச் சரக்கை என் வாயில வைக்காதீங்க" என்றுவிட்டாள்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. கட்டிலில் கிடந்தபடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாயை அசைத்து அசைத்து எதையோ சொல்லப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாள். தாகமா, கோபமா, பீரோ சாவி வைத்த இடமா? என்ன சொல்ல வந்தாள் என்பது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் பாடகிக்கே பல் செட் செய்யும் வேலை வந்தது. டாக்டர் அளவெடுத்துக் கொடுத்தார். இவர் பின்னறையில் செய்து முடித்தார். பாடகியை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பாடகிக்கு மாட்டிப் பார்த்த டாக்டர், "நிஜப் பல்லு மாதிரியே இருக்கு" என்று பாராட்டினார். கொஞ்ச நாளில், வீட்டில் நெருங்கியவர்களுக்கு மட்டும் பாடப்போவதாகவும், பல் கட்டியவரும் வரவேண்டும் என்றும் பாடகி சொல்லி அனுப்பினார். பல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்கால வெயில் விழுந்த சின்னக் கூடம். நாற்காலிகள் கொஞ்சம்தான். பல்காரரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பாடகி வந்து அமர்ந்து எல்லோரையும் பார்த்தார். பிறகு பல்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

பல்காரர் அந்தச் சிரிப்பையே பார்த்தார். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்மேல் ஏறியிருந்தது. முகம் பார்க்காத வாய்க்குப் பல் அடுக்கும்போது கவனம் தப்பினால், கண்ணுக்குப் பழகிய வரிசை தானாக வந்து உட்கார்ந்துவிடும். தன் கை என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் கண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. அதே குரல்தான். ஆனால் மேலே ஏறவேண்டிய இடத்தில் வாய் படக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி முயன்றார், மறுபடி மூடியது. பாடகி தலை குனிந்து நிமிர்ந்தார். இப்போது உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அசைந்து அசைந்து, கட்டிலில் அன்று பார்த்த அதே அசைவில், எதையோ சொல்லப் பார்த்தன. கண்கள் மட்டும் பாடகியுடையவை. அவை மிரண்டுபோயிருந்தன.

கச்சேரி பாதியில் நின்றது. பல்காரரை உள்ளறைக்குக் கூப்பிட்டார் பாடகி.

"போட்ட நாள்ல இருந்தே இப்படித்தாங்க. பாடினா சரியாயிடும்னு நெனச்சேன். தனியா இருந்தா வாய் தானா அசையுது. கண்ணாடி பாக்கவே பயமா இருக்கு. கொஞ்சம் தேய்ச்சு சரி பண்ணித் தர்றீங்களா?"

தேய்த்தால் அவள் போய்விடுவாள். விட்டால் அந்தக் குரல் போய்விடும்.

"தேய்க்க வேணாம்மா. புதுசாவே ஒண்ணு செஞ்சு தர்றேன். இதை எங்கிட்டயே குடுத்துடுங்க."

"இதை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"என் கை பண்ணின தப்பும்மா. எங்கிட்டயே இருக்கட்டும்."

பாடகி திரும்பி நின்று கழற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பல்காரர் வாசல்படி தாண்டும்போது, பல்லில்லாத அந்த வாயிலிருந்து விட்டுப்போன உச்சஸ்தாயி சுத்தமாக எழுந்தது. ஆயுசு முழுக்க ஏங்கிய குரல். அவர் நின்று கேட்கவில்லை.

தெருவில் நடக்க நடக்கச் சட்டைப் பையில் டப்பா கடகடவென்றது.

"சும்மா இரு. வீட்டுக்குத்தானே போறோம்" என்று முணுமுணுத்தார். வாய் தவறிச் சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. மூடிக் கிடந்த ஒரு கடை வாசலில் அசையாமல் நின்றார். டப்பாவுக்குள் சத்தம் நிற்கவில்லை.

சாக்கடையில் எறிந்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. டப்பாவை வெளியே எடுத்தார். மூடியைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அப்படியே காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"சொல்லு" என்றார்.